கடைசி ஐம்பது நிமிடம்

பூதலூர் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், உரக்கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு ஓர் அறை இருக்கிறது. அங்கிருந்துதான் ‘காது’ மாதாமாதம் வெளிவருகிறது. ஒலிப்புத்தகங்களுக்கு மட்டுமே விமர்சனம் எழுதும் பத்திரிகை, முப்பத்திரண்டு பக்கம். புத்தகத்தைப் படிக்கவே ஆள் இல்லை, படிப்பதைக் கேட்பதற்கு ஒரு பத்திரிகையா என்று சிரித்தவர்கள் பலர் இப்போது சந்தாதாரர்கள். சிரித்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள். நாமும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

பத்திரிகையின் ஆசிரியர் இசைவாணி. சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒன்பது வருஷம் உட்கார்ந்து, வாசிப்பவர்கள் விடுகிற பிழைகளைக் கேட்டுக் கேட்டுக் குறித்தவள். கல்யாணமாகிப் பூதலூருக்கு வந்தபின் சொந்தமாகத் தொடங்கிய இந்தப் பத்திரிகைக்கு அவள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: சும்மா உட்கார்ந்து கேட்டவர் விமர்சனம் எழுதக் கூடாது. கையும் காலும் வேலையில் இருக்கும்போது காதுக்குக் கிடைக்கிற சாப்பாடுதான் ஒலிப்புத்தகம். வேலைக்கு நடுவில் தாக்குப்பிடிக்கிற வாசிப்புதான் வாசிப்பு என்பது அவள் கட்சி. அதனால் ஒவ்வொரு விமர்சனத்தின் தலையிலும் இரண்டு வரிகள் கட்டாயம் இருக்கும். கேட்ட இடம். கேட்டபோது செய்த வேலை. சுவாமிமலையில் சிலைக்கு அரம் போடுகிறவர் ஒருவர் எழுதுகிறார். பூம்புகாரில் வலையைப் பழுது பார்க்கிறவர் ஒருவர் எழுதுகிறார்.

ஆனால் ‘காது’ கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் திருப்புவது பதினோராம் பக்கத்தைத்தான். அங்கே ‘கேட்டபோது செய்த வேலை: நடவு’ என்று இருக்கும். அடியில் அம்சம் என்று பெயர் இருக்கும்.

அம்சத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒன்பது பெண்கள் கொண்ட நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. மெஷின் இறங்கினால் புதைந்துபோகிற பள்ளத்து வயல்களுக்கெல்லாம் இவர்கள்தான் போக வேண்டும் என்பதால், பருவத்தில் அம்சத்தைப் பிடிப்பது குதிரைக் கொம்பு. படிப்பு எட்டாம் வகுப்பு. எழுத உட்கார்ந்தால் கை வலிக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல இசைவாணி தட்டச்சு செய்வாள்.

இவள் விமர்சகி ஆன கதை சின்னது. நாலு வருஷத்துக்கு முன்னால் இசைவாணி ஸ்கூட்டரில் போகும்போது, வயல் நடுவில் யாரோ கதை வாசிக்கிற குரல் கேட்டது. வரப்பில் ஒரு கழி நட்டு, அதில் குடை கட்டி, குடைக்குள் பாலித்தீன் பை போட்ட ஸ்பீக்கர் தொங்கிக்கொண்டிருந்தது. கதை எப்படி இருக்கிறது என்று சும்மா கேட்டுவைத்தாள். குனிந்திருந்த அம்சம் நிமிராமலே சொன்னாள்: “கதை நல்லாத்தான் இருக்கு. படிக்கிறவருக்குத்தான் பசி. சாப்பிடாமப் படிச்சிருக்காரு.”

இசைவாணி வண்டியை நிறுத்திவிட்டாள். அந்தப் புத்தகத்தில் பிழை பார்த்தவளே அவள்தான். வாசித்தவர் காலையிலிருந்து பட்டினி கிடந்து பதிவு செய்ததும், வயிற்றுச் சத்தத்தை நாலு இடத்தில் அவளே வெட்டி எடுத்ததும் அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். சத்தத்தை எடுத்தபின்னும் பசி குரலில் நின்றிருக்கிறது, அதைச் சேற்றில் நின்ற ஒரு காது பிடித்துவிட்டது. அன்றைக்கே அம்சத்துக்குப் பதினோராம் பக்கம் என்று முடிவாகிவிட்டது.

அம்சத்துக்கு அந்தப் பக்கத்தின்மேல் இருந்த பெருமையைக் கொஞ்சம் என்று சொன்னால் பொய். அச்சில் தன் பெயர் வந்த முதல் இதழைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். சென்னைக் கம்பெனிகள் புதிய புத்தகம் வெளியிட்டால், அம்சம் கேட்டாயிற்றா என்று இசைவாணிக்குப் போன் வரும். இதைப் பொறுக்காத சென்னைக்காரர் ஒருவர் இணையத்தில், வயலில் நின்று கேட்டால் தவளைச் சத்தம்தான் கேட்கும், வாசிப்பைப் பற்றி என்ன தெரியும் என்று பேசினார். இசைவாணி அடுத்த இதழில் ஒரே வரியில் பதில் போட்டாள். ‘தவளை எது, வாசிப்பவர் எது என்று அம்சத்துக்குத் தெரியும்.’ ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

இசைவாணிக்கு ஒரு சட்டம் என்றால் அம்சத்துக்கும் ஒன்று உண்டு. வயல் முடியும்போது கதையும் முடிய வேண்டும். ஒருமுறை பாதிக் கதையில் நடவு முடிந்து, மறுநாள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய், கதையில் வந்த பெண் ஆற்றைத் தாண்டினாளா இல்லையா என்று தெரியாமல் ஒன்பது பேரும் ஒரு வாரம் முகம் செத்துக் கிடந்தார்கள். வயலில் தொடங்கின கதையைப் பாதியில் விடக் கூடாது என்று அன்றைக்குச் சட்டம் போட்டாள். வயலின் அளவுக்குத் தகுந்த நீளத்தில் கதை பார்த்துப் போடுவது மாலதியின் வேலை. மாலதிக்கு இருபத்தொன்பது வயது, பி.காம். படித்தவள், கூட்டத்தில் அம்சத்தின் போனைத் தொடுகிற அதிகாரம் அவளுக்கு மட்டும்தான்.

போன குறுவை நடவில், துரைராசுவின் இரண்டு ஏக்கரில், ஊர்க் கணக்குக்கு ஆறு மா வயலில்தான் ‘ஒன்பதாவது மதகு’ ஓடியது. ஒரு மதகுக் காவல்காரர் குடும்பத்தின் கதை. ஜெக்கரியா என்பவர் வாசித்திருந்தார். இரண்டு நாளில், பத்து மணி நேரத்தில் வயலும் முடிந்தது, கதையும் முடிந்தது. அம்சம் சொல்லி, ஆகஸ்ட் இதழில் இப்படி வந்தது: ‘கதை பொன். வாசித்தவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். மதகுக்காரர் மனைவியிடம் தண்ணீர் வராது என்று சொல்கிற இடத்தில் மூச்சு விட இடமில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் கையில் இந்தக் கதையைக் கொடுத்திருக்கக் கூடாது.’

கடைசி பஸ் வாசகம் பரவிவிட்டது. வயலுக்குச் சொந்தக்காரரான துரைராசுவே அதை டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னார். மகன் கனடாவில் இருக்கிற தனிமையில் அவரும் ‘காது’ சந்தாதாரர்தான். அவர் அந்தப் புத்தகத்தில் ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை. அம்சம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவர் வாதம். அதைக் கேள்விப்பட்ட அம்சம் அன்று முழுக்கக் கொஞ்சம் உயரமாக நடந்தாள்.

செப்டம்பர் நடுவில் ஒரு பகலில், அம்சம் அடுத்த விமர்சனத்தைச் சொல்வதற்காக இசைவாணியின் அறையில் இருந்தபோது போன் வந்தது. இசைவாணி ஸ்பீக்கரில் போட்டாள்.

“‘காது’ ஆபீஸுங்களா? நான் ஜெக்கரியா பேசுறேன். ‘ஒன்பதாவது மதகு’ வாசிச்சது நாந்தான்.”

இசைவாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

“சண்டை போடக் கூப்பிடலீங்க,” என்றது அந்தக் குரல். “அடுத்த புத்தகத்தைக் கம்பெனில வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அது போகட்டும். பதினாறு வருஷமா வாசிக்கிறேன், என்னைய யாரும் அவசரக்காரன்னு சொன்னதில்ல. எந்த எடத்துல ஓடுறேன்னு அந்தம்மா காட்டுனாங்கன்னா திருத்திக்குவேன். கூத்தாநல்லூர்க்காரன் நான், நாத்து நடுறதைப் பாத்து வளந்தவன். அவங்க சும்மா சொல்லிருக்க மாட்டாங்கன்னு தெரியும்.”

அம்சத்துக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. போனுக்குப் பக்கத்தில் வந்தாள். “நான் அம்சம் பேசுறேங்க. இருங்க, இப்பவே காட்டிர்றேன். வாணி, மூணாவது அத்தியாயத்தைப் போடு. தண்ணி வராதுன்னு பொண்டாட்டிகிட்ட சொல்ற எடம்.”

இசைவாணி கணினியில் தேடிப் போட்டாள். மதகுக்காரர் வீட்டுக்குள் வருகிறார். மனைவி தட்டை வைக்கிறாள். “தண்ணி,” என்றார் ஜெக்கரியாவின் மதகுக்காரர். பிறகு ஒன்றும் இல்லை. தட்டில் கை படுகிற நேரம், மனைவி நிமிர்ந்து பார்க்கிற நேரம், அவளுக்குப் புரிந்துபோகிற நேரம், அத்தனையும் அந்த மௌனத்தில் இருந்தது. “வராது,” என்றார் அதற்குப் பிறகு.

அம்சம் கணினிப் பக்கம் நகர்ந்தாள். வேறு இரண்டு இடங்களைப் போடச் சொன்னாள். எங்கேயும் ஓட்டம் இல்லை. சேறு கலக்கிச் சேடை ஓட்டின வயலில் தண்ணீர் தெளிகிற மாதிரி நிதானமாக இருந்தது வாசிப்பு.

“நான் அப்புறமாக் கூப்பிடுறேங்க,” என்று போனில் சொன்னாள். இசைவாணியிடம் திரும்பி, “இது வேற ஆளு வாசிச்சதா?” என்று கேட்டாள். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அம்சம் தன் போனை எடுத்து அதே இடத்தைப் போட்டாள். அதில் மதகுக்காரர் “தண்ணி வராது” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு ஓடினார்.

இசைவாணி போனை வாங்கிப் பார்த்தாள். திரையின் அடியில், குன்றிமணி அளவில் ஒரு எண் இருந்தது. ஒன்றே கால். வாசித்தவர் வேகத்தைவிடக் கால் பங்கு கூடுதலாக ஓட்டச் சொல்லி யாரோ வைத்த எண். மற்றப் புத்தகங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அவை எல்லாம் ஒன்றில்தான் இருந்தன. இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும்தான் ஒன்றே கால்.

மாலதிக்குப் போன் போயிற்று. பத்து நிமிடத்தில் வந்தாள். எண்ணைக் காட்டியதும் அவள் மறைக்கவில்லை.

“நாந்தான் வச்சேன் அம்சக்கா. கதை பன்னண்டரை மணி நேரம். நமக்கு அந்த வயலு பத்து மணி நேரம்தான் தாங்கும். வயலு முடிஞ்சா கதையும் முடியணும்னு நீங்கதான சொல்லுவீங்க. உங்ககிட்ட கேட்டா வேற புத்தகம் போடச் சொல்லுவீங்க. எனக்கு அந்தக் கதையக் கேட்டே ஆவணும்னு இருந்துச்சு. கால்தான, என்னா தெரியப்போவுதுன்னு வச்சுட்டேன்.”

திட்டுவதற்காக வாயைத் திறந்த அம்சம் அப்படியே மூடிக்கொண்டாள். சட்டம் போட்டவள் அவள். சட்டத்துக்குப் பயந்து கதையை விரட்டியவள் மாலதி. இதில் யாரைத் திட்டுவது? யானைக்கும் அடி சறுக்கும் என்று ஊரில் யாராவது ஆறுதல் சொல்வார்கள். சறுக்கின யானைக்கு அடியில் பதினாறு வருஷம் வாசித்த ஒரு மனிதர் மாட்டிக்கொண்டாரே, அதற்கு யார் பழமொழி வைத்திருக்கிறார்கள்? கேட்காமலே ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோம் என்று நினைத்தபோது அம்சத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கடைசி பஸ் வாசகத்தைத் தானே நாலு தடவை சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வந்து இன்னும் கூசியது.

“தப்பு எம்மேலயும் இருக்குக்கா,” என்றாள் இசைவாணி. “ஒரு அத்தியாயமாவது நான் போட்டுக் கேட்டிருக்கணும். உங்க காதை நான் சோதிக்கிறதான்னு விட்டுட்டேன்.” பிறகு கொஞ்சம் தயங்கி, “கடைசிப் பக்கத்துல சின்னதா ஒரு திருத்தம் போட்டுரலாம். மிஷின் கோளாறுன்னு,” என்றாள்.

“மிஷினு என்னா பண்ணுச்சு? சொன்னதைச் செஞ்சுச்சு.”

“சென்னையில அந்த ஆளு காத்துக்கிட்டு இருக்காருக்கா. தவளைன்னு சொன்னவரு. நீங்க தப்புன்னு ஒரு வரி போட்டா போதும், நாலு வருஷமா நாம சொன்னது எல்லாமே தப்புன்னு ஊதிருவாரு. பத்திரிகையே நிக்கிறது உங்க பேர்லதான்.”

அம்சம் வாசல் வரை போய்த் திரும்பினாள். பெயர் போய்விடுமே என்ற பயம் அவளுக்கும் இருந்தது. நாற்பது வருஷம் குனிந்து நட்டதில் வராத பெயர், நாலு வருஷம் கேட்டதில் வந்தது. அதை இழப்பது என்றால் யாருக்குத்தான் மனசு வரும். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் இன்னொருவர் வாசிப்பைப் பற்றிப் பேச வாய் வருமா என்று நினைத்துப் பார்த்தாள். வராது.

“ஊனாம மிதந்த நாத்தை மறுநாள் போயி ஊனிட்டுத்தான வர்றோம். யாரும் பாக்கலைன்னு உட்டுட்டா வர்றோம்?” என்றாள். “தப்பாச் சொன்னது பெரிய எழுத்துல, எம்பேரு போட்டு வந்துச்சு. இதுவும் அப்புடித்தான் வரணும். பதினோராம் பக்கம் வேணாம் வாணி, மொதப் பக்கத்துல போடு. மாலதி பேரு அதுல வரக் கூடாது.”

அக்டோபர் இதழின் முதல் பக்கத்தில் அது வந்தது. ‘நான் ஜெக்கரியா அவர்களின் வாசிப்பைக் கேட்காமலே எழுதிவிட்டேன். நான் கேட்டது, என் போன் விரட்டிய வாசிப்பு. என் வயலுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அவர் கதை ஓடவைக்கப்பட்டது. ஓடியது அவர் இல்லை, நாங்கள். அந்த விமர்சனத்தை அடித்துவிடுங்கள். குறுவை அறுத்தபின் வருகிற தாளடி நடவில் அதே வயலில் அதே புத்தகத்தை அவர் வேகத்தில் கேட்டுவிட்டு மறுபடி எழுதுவேன். அம்சம், நடவு.’

இசைவாணி பயந்தபடியே சென்னைக்காரர் இணையத்தில் அரை மணி நேரம் பேசினார். பேசட்டும். அதற்கு மூன்றாம் நாள் சுவாமிமலை அரக்காரரிடமிருந்து போன் வந்தது. அவர் தன் போனைத் திறந்து பார்த்தாராம். ஒன்றரை வருஷமாக எல்லாப் புத்தகத்தையும் ஒன்றே காலில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எல்லா வாசிப்பும் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று அவர் தொடர்ந்து பாராட்டி எழுதியதன் ரகசியம் அப்போதுதான் வெளிவந்தது. எல்லாரையும் பார்க்கச் சொன்னாள் இசைவாணி. விமர்சனத்தின் தலையில் மூன்றாவதாக ஒரு வரி சேர்ந்தது. கேட்ட வேகம். தன் தப்பிலிருந்து பத்திரிகைக்கு ஒரு சட்டம் முளைத்ததைப் பார்த்து அம்சத்துக்கு நெஞ்சிலிருந்து கொஞ்சம் பாரம் இறங்கியது.

அந்த முதல் பக்கத்தைப் படித்துவிட்டு ஜெக்கரியா கூப்பிட்டார். போன புத்தகம் போனதுதான், ஆனால் கம்பெனிக்காரர்களே மறுபடி பேசினார்கள் என்றார். பிறகு, நடவன்று நானும் வரலாமா என்று கேட்டார்.

“வாங்க,” என்றாள் அம்சம். “ஆனா ஒண்ணு. தப்பு இருந்துச்சுன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லுவேன். நான் ஒரு தப்புப் பண்ணிட்டேங்கிறதுக்காக உங்களுக்கு விட்டுக் குடுக்க மாட்டேன்.”

“அதுக்குத்தாங்க வர்றேன்,” என்றார் அவர்.

அக்டோபர் கடைசியில் தாளடி நடவு. முதல் நாள் பாதிக் கதை ஓடியது. இரண்டாம் நாள் காலை ரயிலில் ஜெக்கரியா வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், ஐம்பதை ஒட்டிய வயது, குரலுக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை. இசைவாணி ஸ்கூட்டரில் அழைத்து வந்தாள். துரைராசு அவருக்காக வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து வரப்பில் போட்டிருந்தார். “நான் அப்பவே சொன்னேங்க, நீங்க நிதானமான ஆளுன்னு,” என்றார். டீக்கடையில் அவர் சொன்னதைக் கேட்டிருந்த பெண்கள் குனிந்த வாக்கில் சிரித்தார்கள். நாற்காலியின் ஒரு கால் வரப்பில் இறங்கிக்கொண்டே போனதால் ஜெக்கரியா பாதி உடம்பைத் தன் காலில் தாங்கித்தான் உட்கார்ந்திருந்தார்.

துரைராசுவை அம்சம் ஐயா என்றும் சொல்ல மாட்டாள், அண்ணே என்றும் சொல்ல மாட்டாள். அவள் அம்மா அவர் அப்பாவை அழைத்த சொல்லை அவள் நாக்கு தொட்டதே இல்லை. வெறும் ‘ங்க’ போட்டே இருபது வருஷத்தை ஓட்டிவிட்டாள். அவரும் அதற்குப் பழகிவிட்டார்.

கழியில் குடை, குடைக்குள் ஸ்பீக்கர். இந்தமுறை மாலதி போனை எடுத்து எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் போட்டாள். ஒன்று. ஜெக்கரியாவின் குரல் கட்டி வைத்த நாற்று முடிகளுக்கு மேலாக நடந்து வந்தது. தன் குரலை இவர்கள் நடுவில் கேட்டுக்கொண்டு அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். சிரிக்க வேண்டிய இடத்தில் எட்டு பேரும் சிரித்தார்கள். கூட்டத்தில் ஒருத்தி மகளின் பிரசவத்துக்குப் போயிருந்ததால் இந்தமுறை எட்டு பேர்தான். மதகுக்காரர் மகளிடம் சாவியைக் கொடுக்கிற இடத்தில் நாற்று ஊன்றும் சத்தம் மட்டும் கேட்டது. கைகளும் அந்தக் குரலின் நிதானத்துக்கு வந்திருந்தன. அம்சம் மனசுக்குள் ஒவ்வொரு இடமாகத் தன் பழைய விமர்சனத்தை அடித்துக்கொண்டே வந்தாள். சங்கடமாக இருந்தாலும் அது அவளுக்குப் பிடித்தே இருந்தது, நல்ல வாசிப்பு நல்ல வாசிப்புதானே.

பத்தொன்பதாம் அத்தியாயம் தொடங்கிக் கால் மணி ஆனபோது அவள் நிமிர்ந்தாள்.

“மாலதி, நிறுத்து. போன்ல எவ்வளவு இருக்குன்னு பாரு.”

மாலதி பதறிப்போய்க் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். “ஒண்ணுதான் அம்சக்கா. சத்தியமா ஒண்ணுதான்.”

அம்சம் சேற்றில் நடந்து வரப்போரம் வந்தாள். துரைராசு, இதென்ன மறுபடியும் என்பதுபோல் இசைவாணியைப் பார்த்தார். ஒரு தடவை தவறியவள் அதே ஆளின் முன்னால் இன்னொரு தடவை தவறினால், பிறகு எந்த முதல் பக்கமும் காப்பாற்றாது.

“இந்த அத்தியாயத்துல ஓட்டம் இருக்குங்க,” என்றாள் அம்சம் ஜெக்கரியாவிடம். “வார்த்தை எல்லாம் சரியாத்தான் வருது. எடைவெளியும் இருக்கு. ஆனா எடைவெளியில நீங்க இல்ல. வேற எங்கயோ பாத்துக்கிட்டு இருக்கீங்க.”

ஜெக்கரியா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேங்க,” என்றார். “அன்னைக்கு ஆறு மணிக்கு ஸ்டூடியோவ வேற ஆளுக்குக் குடுத்திருந்தாங்க. இந்த அத்தியாயத்தை அதுக்குள்ள முடிச்சாவணும். ஒரே தடவைல வாசிச்சேன், திரும்பப் போட்டுக்கூடக் கேக்கல. எடைவெளி எல்லாம் அளவா வுட்டேன், யாருக்குத் தெரியப்போவுதுன்னு. கம்பெனிக்குத் தெரியல. எழுதுனவருக்கும் தெரியல.” தலையை ஆட்டிக்கொண்டார். “உங்க விமர்சனத்தைப் படிச்சப்ப எனக்குக் கோவம் வரலீங்க, பயம்தான் வந்துச்சு. இந்த அத்தியாயத்தைத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்.”

மற்ற ஏழு பேரும் வேலையை நிறுத்திவிட்டு அம்சத்தைப் பார்த்தார்கள். மாலதிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அம்சத்துக்கு உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒன்றரை மாதமாகத் தன் காதைத் தானே நம்பாமல் கிடந்தவள் அவள். பெருமையாக இருந்தது, மனசு நிறைய, வஞ்சனை இல்லாமல் பெருமையாக இருந்தது. ஆனால் அதைக் காட்டுகிற இடம் இது இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

“உங்களுக்கு ஆறு மணி, எங்களுக்கு வயலு,” என்றாள். “விடுங்க. போடு மாலதி.”

“அந்த அத்தியாயத்தைத் திரும்ப வாசிக்கப் போறேன்,” என்றார் ஜெக்கரியா. “எழுதும்போது அதையும் சேத்து எழுதிருங்க.”

“எழுதாம?” என்றாள் அம்சம், குனிந்துகொண்டே.

சாயங்காலம் நாலரைக்குக் கடைசி முடி நாற்றும் ஊன்றியாயிற்று. வயல் மூலைக்கு மூலை பச்சை கட்டி நின்றது. கதை முடியவில்லை. ஐம்பது நிமிடம் பாக்கி இருந்தது. மதகுக்காரரின் மகள் வெள்ளத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள், ஒன்பதாவது மதகின் பலகை இன்னும் தூக்கப்படவில்லை. மாலதி போனுக்குப் பக்கத்தில் போய், எதையும் தொடாமல், அம்சத்தைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். வயல் முடிந்தால் கதை முடிய வேண்டும்.

அம்சம் வாய்க்காலில் கை கால் கழுவினாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். வரப்பில் ஏறி, நல்ல இடமாகப் பார்த்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“வந்து உக்காருங்கடி,” என்றாள். “கதை அது வேகத்துல வரட்டும்.”

ஏழு பேரும் கை கால் கழுவி வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஜெக்கரியா நாற்காலியை விட்டுவிட்டு அவர்களோடு வரப்பில் உட்கார்ந்தார். நடந்து வந்த துரைராசு, நட்டு முடித்த தன் வயலையும் உட்கார்ந்திருந்த வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வேலைதான் முடிஞ்சிருச்சே. என்னா, எல்லாரும் உக்காந்துட்டீங்க?”

“கதை முடியலைங்க,” என்றாள் அம்சம்.

அந்த வரப்பிலிருந்து இவள் அம்மா காலத்தில் ஒரு குரல் வரும், துரைராசுவின் அப்பா குரல். முதுகை நிமிர்த்தினால் வரும், தண்ணீர் குடிக்க நின்றால் வரும். அம்மா அந்த வரப்பில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. இப்போது வரப்பிலிருந்து வேறொரு குரல் வந்துகொண்டிருந்தது, வெள்ளம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. துரைராசு ஒரு நிமிடம் நின்றார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதைத் தாண்டி வந்து, வரிசையின் கடைசியில், மாலதிக்கு இரண்டு முழம் தள்ளி வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மகள் பலகையைத் தூக்குகிற இடத்தில் அவர் தொண்டையைச் செருமியது எல்லாருக்கும் கேட்டது. அம்சம் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் இசைவாணியின் அறையில் விமர்சனத்தைச் சொல்லி முடித்தாள் அம்சம். இசைவாணி தலைப்பு வரிகளைத் தட்டினாள். கேட்ட இடம்: பூதலூர், ஆறு மா வயல். கேட்ட வேகம்: வாசித்தவர் வேகம். செய்த வேலை என்ற வரியில் அவள் விரல் நின்றது.

“அக்கா, நம்ம சட்டப்படி கடைசி ஐம்பது நிமிஷம் இடிக்குதே. நடவுன்னு மட்டும் போட்டுரவா? யாருக்கும் தெரியாது.”

“யாருக்கும் தெரியாதுங்கிறது இந்தப் புத்தகத்துல ரெண்டு தடவை ஆயிப்போச்சு,” என்றாள் அம்சம். “உள்ளதைப் போடு. கேட்டபோது செய்த வேலை, நடவு. கடைசி ஐம்பது நிமிடம், வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தோம்.”

இசைவாணி தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“எழுத்து சின்னதா இருக்கு,” என்றாள் அம்சம். “பெருசாப் போடு.”